ஆன்சர் கீயில் ஐந்து கோடு

அறிவியல் டீச்சர் வேலைக்குக் கண் தேவையில்லை, ஆன்சர் கீ போதும். வருடா வருடம் ஆர்டருக்குக் காத்திருக்கிற டீச்சர்களே, உங்களுக்குத் தெரியாததா!

வாதாம் மரத்து சாட்சி

கடலூர் தனியார் பள்ளியில் எனக்கு ஒரு வருட ஆர்டர். மே மாதம் புதுப்பிக்காவிட்டால், ஸ்டாஃப் சலுகையில் இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகளுக்கும் அங்கே இடமில்லை. அந்தப் பயத்தோடுதான் அவள் வகுப்புப் பேப்பரைத் திருத்த உட்கார்ந்தேன். 'அணிலின் முதுகில் எத்தனை கோடுகள்?' என்பது கேள்வி. எல்லாப் பிள்ளைகளும் மூன்று என்று எழுதியிருந்தார்கள். கீயில் ஐந்து. ஜன்னலுக்கு வெளியே வாதாம் கிளையில் மூன்று கோட்டோடு ஒன்று கொறித்துக்கொண்டிருந்தது. கணக்கு மிஸ்ஸிடம் காட்டினேன்.

"அது பரீட்சை எழுதலயே மிஸ். நீங்க கீயைப் பாருங்க."

வடக்கத்தி அணில்

ஒர்க்புக் வடக்கே அச்சானது. அங்கே இருக்கிற இனத்துக்கு நடுவில் மூன்று கோடு, விலாவில் பக்கத்துக்கு ஒன்று மங்கலாக, ஆக ஐந்து. நம்மூர் இனத்துக்கு மூன்றோடு சரி. சொந்தம்தான், ஆனால் வேறு வேறு. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரின்சிபால் மேடத்துக்கு விளக்கினேன். அவர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்க ராமர் அஞ்சு விரலால தடவியிருப்பாரு, விடுங்க. கீயை மாத்தினா கரஸ்பாண்டன்ட் என்னைத் தட்டிக் குடுக்க மாட்டாரு."

பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அத்தனை பேப்பரிலும் சிவப்பில் பெருக்கல் போட்டேன். என் மகள் பேப்பரிலும்தான்.

முந்திரித் தோப்புக்காரர்

பெற்றோர் கூட்டத்துக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஓர் அப்பா வந்தார். தோப்பில் எடுத்த அணில் போட்டோவைப் பெரிதாக்கி, போனை என் கையில் கொடுத்தார். கீயில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். சொல்லும்போதே என் மேல் எனக்கே அருவருப்பு.

"என் புள்ளைக்கு மார்க் வேணாம் மிஸ். நாலாவது கோடு எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டுங்க, போயிடுறேன்."

என் வீட்டு மதில்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மதிலில் அணில் ஓடியது. என் மகள் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். முதுகில் ஐந்து கோடு. "எண்ணிப் பாத்தியாடி?" என்று கத்திவிட்டேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"மூணுதான்மா இருக்கு. ஆனா மூணு போட்டா நீங்க தப்பு போடுவீங்களே."

திங்கட்கிழமை எல்லாப் பெருக்கலையும் அடித்து, டிக் போட்டு, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தையும் வைத்துவிட்டேன்: கீக்கு ஐந்து, அணிலுக்கு மூன்று, எனக்கு மே மாதம் வரைக்கும் தூக்கமில்லை.