முயல் தலையாட்டிய சனிக்கிழமை

இக்னேசியஸின் வாய்க்குப் பூட்டே கிடையாது. ரொறன்ரோவை அடுத்த மல்வேர்னில் காலை பஸ்ஸில் அவனோடு போய்ப் பழகியவர்கள், அவன் ஏறுவதைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் பாசாங்கு செய்வார்கள். மன்னாரில், பேசாலைக் கரையில் மீன் ஏலம் கூறியவன் அவன். ஏலம் கூறுகிறவனுக்கு வாய்தான் முதல். அந்த ஒரு மூலதனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கனடாவில் வந்து இறங்கியிருந்தான்.

ஸ்காபரோவில் ஒரு மோலில் தரை துடைக்கிற வேலை. ஆங்கிலம் பாதி, கை பாதியாக எல்லோரோடும் கதைப்பான். மொப்பைத் தள்ளிக்கொண்டே சப்பாத்துக் கடைக்காரனிடம் அவன் தாயின் முழங்கால் நோவை விசாரிப்பான். கோப்பிக் கடைப் பெண்ணுக்கு அவளுடைய காதலனைப் பற்றி அறிவுரை சொல்வான். கேட்டாளா என்று கேட்கக்கூடாது, அவன் சொல்வான்.

இப்படிப்பட்ட ஒருவனை மோல்காரர்கள் ஈஸ்ரர் பண்டிகைக்கு முயல் வேசம் போட வைத்தார்கள் என்றால், அதற்கு அவனுடைய உயரம்தான் காரணம். முயல் உடுப்பு, குள்ளமான ஆளுக்குத் தைத்தது. வழக்கமாக அதைப் போடுகிறவர் பனியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். மனேஜர் அம்மா வேலையாட்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இக்னேசியஸின் தலைக்கு மேலால் பார்வை போய், திரும்பக் கீழே இறங்கி, அவனில் நின்றது. வேலை சுலபம் என்றாள். பெரிய கதிரையில் இருக்கவேண்டும். பிள்ளைகள் மடியில் ஏறுவார்கள், படம் எடுப்பார்கள். முயலின் தலையைக் கழற்றக்கூடாது. கேட்டதற்குத் தலையாட்டலாம், கையசைக்கலாம். வாய் மட்டும் திறக்கக்கூடாது.

வீட்டில் இதைச் சொன்னபோது அவன் மனைவி ஜோசப்பின் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“பெரிய வெள்ளி தெரியும், உயிர்த்த ஞாயிறு தெரியும். இந்த முயல் எந்தச் சுவிசேசத்தில வருது?”

“கனடாவில வருது. நீ சிரி, உனக்கென்ன.”

“சிரிக்காம என்ன செய்ய? உங்களை வாய் திறக்க வேண்டாம் எண்டு சொல்ல அந்த மனுசிக்கு எவ்வளவு துணிச்சல் இருக்கவேணும்!”

மன்னாரில் இருந்தவரைக்கும் இக்னேசியஸ் முயலைக் கறிச்சட்டிக்குள்தான் கண்டிருக்கிறான். ஆனாலும் மனேஜர் கேட்டதும் யோசிக்காமல் ஓம் என்று சொல்லிவிட்டான். அந்த ஓமுக்குள் ஒரு கள்ள எண்ணம் இருந்தது. அது அவன் மகள் ஸ்டெபனியைப் பற்றியது.

அவன் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அவள் ஜோசப்பினின் வயிற்றில் இருந்தாள். பிறகு பேப்பர் அலுவல்கள் இழுபட்டு, இழுபட்டு, தாயும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக் கிடந்து, தொண்ணூற்றாறு கார்த்திகையில்தான் ரொறன்ரோ வந்து சேர்ந்தார்கள். ஏர்போட்டில் பூங்கொத்தோடு நின்றவனைப் பார்த்து, ஆறு வயதுப் பிள்ளை தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தாள். குளிர்காலம் முடிந்தும் அவள் முழுதாக வெளியே வரவில்லை. அவனை அப்பா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. “அம்மா, அவருக்குத் தேத்தண்ணி வேணுமாம்” என்பாள். அவன் சோபாவில் இருந்தால் எழும்பிப் போய்த் தாயோடு ஒட்டிக்கொள்வாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், ஊருலகத்தோடு கதைக்கிறவனுக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். “சாப்பிட்டியா?” என்பான். அவள் தலையாட்டுவாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் இருந்து, அவளிடம் கேட்டிருக்கக்கூடிய நல்ல கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

அவனுக்குப் பாசத்தைக் காட்டத் தெரிந்த விதம், அவளுக்கென்று ஓர் அறை. அவர்கள் வருவதற்கு முன்பே இரண்டு அறை உள்ள அப்பார்ட்மென்ற் எடுத்து, ரோஸ் நிறத்தில் ஒரு சின்னக் கட்டில் வாங்கி, கூட வேலை செய்யும் ஸ்ரீதரனோடு சேர்ந்து மாடிப்படியால் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். ஸ்ரீதரன்தான் அவனுக்குச் சட்டம் சொன்னவன்.

“அண்ணை, ஊரில மாதிரிப் பிள்ளையை உங்களோட படுக்க விட்டிடாதேங்கோ. பள்ளிக்கூடத்தில ரீச்சர்மார் கேப்பினம். பிறகு வீடு பாக்க ஆள் அனுப்புவினம்.”

ஸ்ரீதரனுக்குக் கலியாணமே ஆகவில்லை. யாரோ அவனுக்குச் சொன்னதை அவன் இவனுக்குச் சொன்னான். எந்த அரசாங்கமும் போடாத இப்படியான சட்டங்கள் எங்கள் ஆட்களிடம் நிறைய உண்டு. வரிக்கு வரி கீழ்ப்படிவதும் இவற்றுக்குத்தான். ஸ்டெபனி முதல் நாள் அந்தக் கட்டிலைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சந்தோசத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று இக்னேசியஸ் எடுத்துக்கொண்டான். இடையில் ஜோசப்பின் ஒருநாள், “பிள்ளையை எங்களோட விடுவமே?” என்று கேட்டபோது, “பழகீடும், பழகீடும்” என்று சொல்லித் தட்டிவிட்டான்.

பங்குனி மாதம் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் ஒரு முயல் கதை வாசித்தார். ஸ்டெபனி அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். குசினித் தரையில் அதை விரித்துவைத்து, மீன் கழுவிக்கொண்டிருந்த தாய்க்கு முழுக் கதையையும் தமிழில் சொன்னாள். மலைக்குக் கீழே ஒரு வெள்ளை முயல் இருக்கிறது. நீலக் கோட் போட்டிருக்கும். ஈஸ்ரருக்கு முதல் நாள் அது வெளிக்கிடும். அது போகிற வழியில் பனி தானாக விலகும். கதவின் திறப்புத் துவாரத்தால் வீட்டுக்குள்ளே வந்து சப்பாத்துக்குள் கலர் முட்டை வைத்துவிட்டுப் போகும். உலகத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் போவதால் அதற்கு எல்லாப் பாஷையும் விளங்கும். ஆனால் அது கதைக்காது. அதன் காதுக்குள் ஒரு உண்மையைச் சொல்லி ஒன்று கேட்டால், செய்துதரும்.

இக்னேசியஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சு விடாமல் நின்றான். மகள் இவ்வளவு நீளமாகக் கதைத்து அவன் கேட்டதே இல்லை. இடையில் மூச்செடுக்கவும் நிற்காமல் ஓடிய அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராயத் தேவையில்லை. அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்தக் கிழமைதான் மனேஜர் முயலுக்கு ஆள் தேடினாள்.

அவன் ஆசை பெரிதல்ல. மகள் ஒருதரம் தன் மடியில் வந்து இருக்கவேண்டும். அவளாக ஏறி இருக்கவேண்டும். முயல் என்று நினைத்து ஏறினாலும் பரவாயில்லை. “சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, உள்ளுக்குள்ள நான்தான் எண்டு சொல்லிப்போடாத” என்று ஜோசப்பினிடம் கெஞ்சினான். அவள் அந்த முறை சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மோலில் சனம் நெரிந்தது. பிளாஸ்ரிக் புல், வெள்ளை வேலி, நடுவில் சிம்மாசனம்போல் ஒரு கதிரை. உடுப்புக்குள் வேர்த்துக் கொட்டியது. பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தார்கள், மூக்கில் குத்தினார்கள், ஒன்று மடியை நனைத்தது. சப்பாத்துக் கடைக்காரன் வந்து நின்று, இன்றைக்கு மோல் என்ன அமைதி என்று சிரித்தபோது, இக்னேசியஸுக்கு வாய்க்குள் வந்த மறுமொழியை விழுங்கப் பெரும் பாடாகிவிட்டது. முயலின் வாயில் இருந்த வலைத்துணியால்தான் அவனுக்கு வெளியுலகம் தெரியும். அந்த வலைக்குள் சிவப்புக் கோட்டும் இரட்டைப் பின்னலுமாக ஸ்டெபனி வந்தாள்.

அவள் பயப்படவில்லை. தாயின் கையை விட்டுவிட்டு நேராக வந்து, அவன் முழங்காலில் கையை ஊன்றி ஏறி இருந்தாள். அவன் நினைத்திருந்ததைவிடப் பாரமாக இருந்தாள். தன் பிள்ளையின் பாரம் இவ்வளவு என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. படம் எடுக்கிற பெண் சிரிக்கச் சொன்னாள். ஸ்டெபனி அதைக் கவனிக்காமல் எக்கி, நீளமான காதைப் பிடித்து வளைத்து, தன் வாயோடு வைத்துக்கொண்டாள்.

“எனக்கு இரவில தனியப் படுக்கப் பயமா இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கொழும்பில நான் அம்மாவோடதான் படுக்கிறனான். இங்க என்ர இடத்தில அவர் படுக்கிறார். அவரை நீ எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா.” கொஞ்சம் நிறுத்தி யோசித்தாள். “அவர் கூடாத ஆள் இல்லை. ரொபி, சொக்லேற் எல்லாம் வாங்கித் தருவார். ஆனா வேண்டாம். சரியா?”

முயல் அசையவில்லை.

“உனக்குத் தமிழ் விளங்கும்தானே? சரியா?” என்று அவள் திரும்பவும் கேட்டாள்.

வாய் திறந்து ஒரு சொல் சொல்லலாம். நான் உன்ர அப்பா என்று சொல்லலாம். சொன்னால் வேலை போகும், அது பெரிதில்லை. காதுக்குள் சொன்ன ரகசியத்தை, சொல்லக்கூடாத ஆளிடமே சொல்லிவிட்டேன் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் எவரிடமும் எதையும் சொல்லமாட்டாள். இக்னேசியஸ் மெல்லத் தலையாட்டினான். அந்தப் பெரிய முயல் தலை மேலும் கீழும் போய்வந்தது. ஸ்டெபனி திருப்தியாக மடியால் இறங்கித் தாயிடம் ஓடினாள்.

இடைவேளையில் சாமான் அறைக்குள் போய்த் தலையைக் கழற்றினான். மனேஜர் அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். சூடு என்று மட்டும் சொன்னான். அவளிடம் அவன் இதுவரை ஒரே சொல்லில் மறுமொழி சொன்னதில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ஸ்ரீதரனில் கோபம், முயல் கதை எழுதியவனில் கோபம், ரோஸ் கட்டிலில் கோபம். அது அடங்கிய பிறகு வெட்கம் வந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு பேஸ்மென்ற் அறையில், வெளிச்சத்தை அணைக்கப் பயந்து விடியும்வரை முழித்துக் கிடந்தவன் அவன். தனியப் படுப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் அந்தச் சின்ன உயிரைக் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டு, பழகீடும் என்று சொன்னான். தன்னைத் தானே நாலு அடி அடிக்கலாம்போல் இருந்தது அவனுக்கு. முயல் தலையாட்டிவிட்டது, அதைப் பொய்யாக்க அவனுக்கு மனமில்லை.

அன்று இரவு, சாப்பாடு முடிந்ததும், தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்குள் போனான்.

“என்ன உது?” என்றாள் ஜோசப்பின்.

“முயல் உடுப்பு இடுப்பை முறிச்சுப்போட்டுது. எனக்கு இந்தக் கட்டில்தான் தோது. நீ பிள்ளையோட அங்க படு.”

“அப்ப ஸ்ரீதரன் சொன்ன சட்டம்?”

“ஸ்ரீதரன்ர சட்டத்தை ஸ்ரீதரன்ர பிள்ளைக்கு வைக்கட்டும்.”

ஜோசப்பின் அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்ததென்று கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்கமாட்டான். அது பிள்ளைக்கும் முயலுக்கும் இடையில் உள்ள விஷயம். ஸ்டெபனியோ, இந்தப் பெரியவர்கள் மனம் மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிடவேண்டும் என்பதுபோலப் போர்வையை இழுத்துக்கொண்டு தாயின் அறைக்கு ஓடிவிட்டாள்.

ரோஸ் கட்டில் குள்ளனுக்கும் போதவில்லை. முழங்காலை மடக்கினால் முதுகு சுவரில் இடித்தது, நீட்டினால் கால் வெளியே போயிற்று. அப்படியும் இப்படியும் புரண்டு எப்போதோ கண் அயர்ந்தான்.

உயிர்த்த ஞாயிறு விடிந்தபோது, வாசலில் ஸ்டெபனியின் சப்பாத்துக்குள் கலர்த்தாள் சுற்றிய சொக்லேற் முட்டைகள் இருந்தன. இக்னேசியஸ் அதிகாலையில் எழும்பி வைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்திருந்தான். அவள் முட்டைகளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, வீடு முழுக்க எதையோ தேடுவதுபோல வந்து, ரோஸ் அறையின் கதவடியில் நின்றாள். நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்களைப் பார்த்தாள்.

“நீங்கள் இன்னும் போகேல்லையோ?”

அவன் எழும்பி இருந்தான். “இல்லை. போகவேணுமோ?”

அவள் உள்ளே ஓரடி வந்தாள். “தனியப் படுக்க உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?”

பெரிய மனிதர்கள் சொல்கிறதைச் சொல்லியிருக்கலாம். எனக்கென்ன பயம் என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கலாம். “இருந்தது. நித்திரையே வரேல்லை,” என்றான்.

ஸ்டெபனி கட்டிலருகே வந்தாள். ஒரு முட்டையை எடுத்து அவன் தலையணையில் வைத்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“அம்மா! முயல் நான் கேட்டதில பாதிதான் செய்திருக்கு!”

“மிச்சத்தைத் திரும்பக் கேள், வந்து செய்யும்,” என்று ஜோசப்பின் பூசைக்குப் போகும் அவசரத்தில் அங்கிருந்து சொன்னாள்.

“வேண்டாம், வேண்டாம்,” என்றாள் ஸ்டெபனி. “அப்பா இருக்கட்டும்.”