காரில் மட்டும் கேட்ட குரல்

போன மாதம் விழுப்புரத்திலிருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனேன். திண்டிவனம் வரை பஸ். அங்கிருந்து தம்பி காரில் கூட்டிப்போனான். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது, "அக்கா, அப்பா கார்ல போடுவாரே, அந்தப் பாட்டு ஃபோன்ல கெடச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போட்டான்.

சின்ன வயதில் எனக்குத் தெரிந்த ஒரே பாப் பாட்டு அது. திண்டிவனத்தில் அப்பா வழிப் பெரிய குடும்பம், சத்தமான வீடு. விடுமுறைக்கு அம்மாவின் ஊரான விழுப்புரத்துக்குப் புறப்பட்டால், ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் அப்பா கேசட்டைத் தள்ளுவார். ஒரு பெண் குரல், உச்சத்துக்குப் போகும்போது லேசாகக் கரகரக்கும். நானும் தம்பியும் பின்சீட்டில் கத்திக்கொண்டு கூடவே பாடுவோம். அம்மா முன்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார்.

இப்போது காரில் அதே இசை, அதே வரி. பாடியது ஓர் ஆண்.

"இது வேற யாரோ பாடினது. சரியா தேடு."

"இதுதான் ஒரிஜினல். பொம்பளை பாடினதே கெடையாது. நானும் தேடிப் பாத்துட்டேன்."

இருவருக்குமா தப்பாக ஞாபகம் இருக்கும்? விக்கிரவாண்டி வரும்வரை அதையே பேசிக்கொண்டு போனோம்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்: "அம்மா, அப்பா கார்ல இருந்த கேசட்ல பாடினது யாரு?"

அவர் தலை நிமிரவில்லை. "நான்தான்."

தம்பி சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி கச்சேரி ட்ரூப்ல பாடிக்கினு இருந்தேன். திருவிழா, கல்யாணம்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் போவோம். ஒரு தடவை டேப்ல புடிச்சாங்க. உங்கப்பா அதக் கேட்டுட்டுத்தான் பொண்ணு கேட்டு வந்தாரு."

"அப்புறம் ஏன் பாடல?"

"மேடை ஏறக் கூடாதுன்னு அவங்க வீட்ல பேசி முடிச்சாங்க. சமைக்கும்போது முணுமுணுத்தாலே பேஜாரு. அதான் அவரு கார்ல மட்டும் போடுவாரு."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டு வயதில் ஒருமுறை பின்சீட்டிலிருந்து எட்டி, "இவங்க மாதிரி உனக்குப் பாட வருமாம்மா?" என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "எனக்கு எங்கடி வரும்" என்றார். அப்பா ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டினார். ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் அந்தக் குரல்காரி உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியவில்லை.

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"சின்னப் பசங்க, வீட்ல போய் ஒளறிடுவீங்க. நீங்க வளந்தப்போ கேசட் நாடாவும் சிக்கி அறுந்துபோச்சு. அப்புறம் சொல்றதுக்கு என்னா இருக்குது?"

அம்மா கையைத் தட்டிக்கொண்டு, "அந்த ஆளு பாடினத போடு, கேப்போம்" என்றார். தம்பி போட்டான். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"சரணத்துல நடுவுல மூச்சு எடுத்துட்டாரு. நான் எடுக்கல."

முறத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அன்று இரண்டு முறை பாடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், அவர் பாடவில்லை.