கட்டிலுக்குக் கீழே ஒரு புது டயர்

சில வாரங்களாகப் பத்திரிகையில் இந்தப் பக்கம் வெறுமையாக இருந்ததே, ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுத மனம் வரவில்லை... அதுதான் காரணம்.

தேற்றாத்தீவிலிருந்து புளியந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு என் பழைய காரில்தான் போய் வருகிறேன். முன்பக்கத்து இடது டயர் தேய்ந்து போயிருந்தது. காத்தான்குடியில் வேர்க்‌ஷொப் வைத்திருக்கும் காசிம் அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"றப்பர் தேஞ்சு உள்நூல் தெரியுது மாஸ்டர். இனி ஒட்டுப் போட்டு ஓடேலா. மாத்துங்க."

மாற்ற டயர் இல்லையா? இருந்தது! யுத்த காலம், டயர் வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். பெர்மிட் கொடுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து ஒன்று வாங்கியிருந்தேன். அது சாக்குச் சுற்றி என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. யுத்தம் எப்போது முடியுமோ, அடுத்தது எப்போது கிடைக்குமோ — இன்னும் ஒரு மாதம் பழையதிலேயே ஓடுவோம் என்று நினைத்தேன்.

அந்த ஒரு மாதம் முடியவில்லை. ஆரையம்பதியைத் தாண்டியதும் வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். ஸ்டியரிங் என் கையை மீறி இடது பக்கம் இழுத்தது. பிரேக்கை மிதித்தேன்... அதற்குள் தெருவோரமாக மீன் கூடையோடு நடந்து போன மனிதர் கார் இடித்து விழுந்துவிட்டார்.

அவர் பெயர் கந்தப்பன். வலது கால் முறிந்திருந்தது. அந்த வழியாக வந்த லொறியில் அவரை ஏற்றி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவர் தன் மீன் கூடையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த காசிம் என்னை வெளியே அழைத்துப் போனார்.

"றோட்டுல ஆணி கிடந்ததெண்டு சொல்லுங்க மாஸ்டர். ஆரு கண்ட?"

என் மேல் உள்ள அன்பில் சொன்னார். நானும் அதைத்தான் சொல்வதாக இருந்தேன். ஆனால் கந்தப்பனின் மனைவி பொன்னம்மா வந்து என் முன்னால் நின்றாள்.

"டயர் பழசெண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?"

"தெரியும். புதுசு வீட்டில இருக்கு. மாத்தாம விட்டது நான்தான்."

பிறகு பொலிசிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

பொன்னம்மா அழவில்லை. அங்கேயே அடுத்த கேள்வியைக் கேட்டாள்:

"மத்த மூண்டும் எப்பிடி, மாஸ்டர்?"

அவற்றை நான் பார்த்ததே இல்லையே!

அன்று பின்னேரமே காசிமும் நானும் சில்லுகளைக் கழற்றிப் பார்த்தோம். பின்பக்கத்து டயர் ஒன்றின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. தேய்வு ஒன்றையே கவனித்துக்கொண்டிருந்தால் இது எப்படித் தெரியும்?

கெட்ட காலத்துக்கென்று நல்லதைப் பொத்தி வைக்கிறோம். அந்தக் கெட்ட காலத்தை நாமேதான் வரவழைக்கிறோம் என்பது ஏனோ உறைப்பதில்லை.

கந்தப்பன் இப்போது ஊன்றுகோலோடு நாலு அடி நடக்கிறார். புது டயரை முன்பக்கத்தில் மாட்டியாயிற்று. ஆனால் வெடிப்பு விழுந்த பின் டயருக்கு மாற்று கிடைக்கும்வரை கார் கட்டைமேல் நிற்கிறது. நான் பஸ்ஸில் போகிறேன் — ஏறுமுன் அதன் சில்லுகளைக் குனிந்து பார்ப்பதைக் கண்டு கண்டக்டர் சிரிக்கிறார்.

சிரிக்கட்டும்.