நின்றுபோன நயாகரா

கல்யாணமாகி இருபதே நாளில் மாமா துபாய்க்குத் திரும்ப வேண்டியிருந்தது. விமானம் மறுநாள். மாமியைத் திண்டுக்கல் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போக அவருக்கு அன்று சாயங்காலம்தான் வாய்த்தது. புதுசாகக் கல்யாணம் கட்டியவர்கள் தனியாக வெளியே போவது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகாது. துணைக்கென்று பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள். ஒன்பது வயது நானும் ஐந்து வயதுத் தம்பியும் அப்படித்தான் போனோம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

அந்த வருஷம் உலகத்தின் அழகான இடங்களெல்லாம் எங்கள் ஊருக்கே வந்திருந்தன. பஞ்சு ஒட்டிய சுவிஸ் பனிமலை, காகிதப்பூ உதிர்க்கும் ஜப்பான் மரங்கள், கடைசியாக ஒரு நயாகரா. நீலம் பூசிய பெரிய தகரத்தின் மேல் மோட்டார் வைத்துத் தண்ணீரைக் கொட்டவிட்டிருந்தார்கள். எங்கள் தெருக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மாமி ஒவ்வோர் இடத்திலும் மாமாவோடு போட்டோ எடுக்க ஆசைப்பட்டாள். எல்லாப் போட்டோவிலும் நடுவில் நாங்கள் நின்றோம். அதற்குத்தானே அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொறுத்துப் பார்த்த மாமா, எங்களை அப்பளக் கடைக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்தார்.

"தின்னுக்கிட்டு இங்கனயே நில்லுங்க. தம்பி கைய விட்றாத. தப்பித்தவறிப் போனா ரெண்டு பேரும் நயாகராகிட்ட போய் நின்னுக்கணும். நாங்க இந்தா வந்துர்றோம்."

டெல்லி அப்பளம் முறம் அகலம் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்தால்தான் உடையாது. நான் இரண்டு கையாலும் பிடித்தேன். அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடி விளக்கு வந்தபோது பக்கத்தில் தம்பி இல்லை.

நயாகராவுக்கு ஓடினேன். அங்கே நயாகராவே இல்லை. விளக்குக்கு மட்டும்தான் ஜெனரேட்டர் போலிருக்கிறது. மோட்டார் நின்று, வெறும் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பியும் அங்கே இல்லை. மாமாவும் மாமியும் வேகமாக வந்தார்கள்.

"தம்பி எங்க?"

"இங்கனதான் மாமா நின்னான். இப்பத்தான்..."

அந்தப் பொய்யை நம்பி மாமா அந்தத் தகரத்தையே சுற்றிச் சுற்றித் தேடினார். மைக்கில் சிவப்புச் சட்டைப் பையன் என்று கூவினார்கள். வாசலுக்கு வெளியே மெயின் ரோடு. ஒட்டன்சத்திரம் காய்கறி லாரிகள் நிற்காமல் ஓடும். ஒவ்வொரு ஹாரனுக்கும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பேன்; மாமாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன். அவர் வாசல் பக்கம் ஓடினார். மாமி புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை கடையாக விசாரித்தாள். கடைசியில் அவளிடம்தான் சொன்னேன்.

"மாமி, அவன் இங்க வரவே இல்ல. அப்பளக் கடையிலயே கைய விட்டுட்டேன்."

அறை விழும் என்று கண்ணை மூடினேன். மாமி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்பளக் கடைக்கு ஓடினாள்.

கடைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. அதன் குழாய் ஒழுகித் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, தம்பி தொப்பலாக நனைந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யாரு வீட்டுப் பிள்ளம்மா இது? அம்புட்டு நேரமாக் கூப்புடுறேன், நகர மாட்டேங்கிறான்" என்றார் லாரிக்காரர்.

"மாமாதான் நயாகராகிட்ட நிக்கச் சொன்னாரு" என்றான் தம்பி. இருட்டில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டு அங்கே போயிருக்கிறான்.

மாமி அவனை அள்ளி எடுத்து அழுதாள். மூச்சிரைக்க மாமாவும் வந்து சேர்ந்தார். அதற்குள் கரண்ட் வந்து, அந்தப் பக்கம் நயாகரா மறுபடியும் கொட்டத் தொடங்கியது.

"ஏங்க, செத்த நேரம் இருந்துட்டுப் போவோமே. ஒரே ஒரு போட்டோ" என்றாள் மாமி.

எனக்கு அந்த இடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. அம்மாவிடம் போக வேண்டும் என்று ஓங்கிக் கத்தி அழுதேன். மாமா மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு போய் ஆட்டோ பிடித்தார்.

ஆட்டோவில் மாமி வெளியே பார்த்தபடி வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். பிள்ளை கிடைத்த பிறகும் இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. ஆனாலும் பெரிய மனுஷியாக அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்தேன்.

"அழாதீங்க மாமி, அதான் கெடச்சுட்டான்ல."