கிளம்பாதவர்களுக்கு ஒரு கட்டம்

ஜெசிந்தா அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது அலுவலகத்தில் இருந்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. கை கால் உதறியது. பேருந்துத் திட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல இனி அவர் இல்லை. அடுத்து என்னிடம்தான் வருவார்கள்.

இந்த அஞ்சலியைப் படிக்கிற, அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய பயம் தெரியும். ரோட்டைக் கடக்கப் பயம், லிஃப்டில் ஏறப் பயம். "எதுக்கெடுத்தாலும் நெஞ்சு படபடங்குது தம்பி" என்பார். நகரத் திட்டத்துக்குக் கணக்குப் போடும் எங்கள் வேலையிலும் அப்படித்தான். மதுரையில் யார் எங்கே குடியிருந்து எங்கே போவார் என்று ஒவ்வொருவரையும் கேட்க முடியாது. எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் கிளம்புகிறார்கள், எந்த இடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், மொத்தப் பயணச் செலவு எவ்வளவு, இவ்வளவுதான் தெரியும். யார் எங்கே போகிறார் என்பதற்கு, இதற்குள் அடங்குகிற பரவல்களில், அதிக விதங்களில் நேரக்கூடியது எதுவோ அதை எடுத்துக்கொள்வோம். என்ட்ரோபி முறை என்பது இதுதான். "நமக்குத் தெரியாதுன்னு ஒத்துக்கிற கணக்கு. அதான் இத எனக்குப் பிடிக்கும்" என்பார் அக்கா.

எழுமலைப் பக்கமிருந்து வரும் பேருந்துகளை நகர எல்லையிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து டவுன் பஸ் மாற வைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. கணக்கு ஓகோ என்றது. நெரிசல் குறைந்தது, பயணிகள் குறையவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். அக்காவின் முகம் வெளிறிப்போனது.

"ஒருத்தர்கூடவா குறையல?" என்றார்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு எழுமலைக்குப் போய், மதுரை திரும்பும் பேருந்தில் ஏறினார். பக்கத்து இருக்கையில் இடுப்பைப் பிடித்தபடி ஒரு பெண், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர். "பாதியில எறங்கி வேற பஸ் மாறணும்னா என்னம்மா செய்வீங்க?" என்று அக்கா கேட்டார்.

"அம்புட்டு அலைச்சல் ஆருக்கா அலையுறது? வலிச்சா வலிக்குதுன்னு வீட்டுலயே கெடப்பேன்."

ஊர் வந்து சேரும்வரை அக்கா என் கையை விடவில்லை. அவர் கை சில்லிட்டிருந்தது. "கெளம்புறவங்க தொகைய நாமளே கட்டிப்போட்டுட்டோம் தம்பி. இன்னைக்கு வர்றவங்க எல்லாரும் நாளைக்கும் வந்தே ஆகணும். வீட்டுல கெடக்குறவங்களுக்கு நம்ம கணக்குல கட்டமே இல்ல." அட கடவுளே, எனக்கு இது தோன்றவே இல்லை!

அக்கா அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் நிறுத்தியதும் மேலதிகாரி கத்தினார். "இப்படிப் பயந்தா வேலை ஓடுமாம்மா?"

"பயமாத்தான் சார் இருக்கு. கெளம்பாதவங்களுக்கும் ஒரு கட்டம் போட்டு ஓட்டிப் பாக்குறவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்." குரல் நடுங்கியது. ஆனால் போடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு ஒதுங்கினேன். மேலதிகாரி பக்கத்தில் வந்து நின்றார். "பாவம், தங்கமான மனுஷி. சரி, அந்த அறிக்கைய நீங்க முடிச்சுக் குடுத்துருங்க. பிள்ளகுட்டிக்காரரு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல." என் பிள்ளைகள் முகம் வந்து போனது. பிறகு, இடுப்பைப் பிடித்தபடி அந்தப் பெண்.

"பயமா இருக்கு சார். போட மாட்டேன்" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நடுக்கம்தான். இதை எழுதும்போதும் அது நிற்கவில்லை. என்றைக்காவது நின்றுவிடுமோ என்பதுதான் இப்போது என் பயம்.