மழைச்சட்டை ஒட்டிய குழல்

காலை பதினொன்று பதினேழுக்குத் தூறத் தொடங்கியது. மகள் எத்தனை மணிக்குத் திரும்பி வருவாள் என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால் நேரம் சரியாகத் தெரியும்.

அது ஒஸ்லோவுக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் ஒரு சுடுதளம். பியோர்ண்டாலில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டம். மகளுக்கு இருபத்து நான்கு வயது. இராணுவ சேவை செய்த வருடத்தில் துப்பாக்கி பழகியவள், முடித்து வந்த கையோடு ஒரு விளையாட்டுச் சுடுதல் கழகத்தில் சேர்ந்தாள். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் போகிறாள். நான் போனதில்லை. வெடிச்சத்தம் கேட்காத இடம் தேடி இந்த நாட்டுக்கு வந்தவள் நான். என் பிள்ளை அந்தச் சத்தத்தைத் தேடிக் காரில் போகிறாள் என்பதை எனக்கு நானே விளங்கப்படுத்த முடியவில்லை.

அன்று போனதற்குக் காரணம் ஒரு கடிதம். சொந்தமாகத் துப்பாக்கி வாங்க அனுமதி கேட்பதற்குக் கழகம் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். அன்றைய பயிற்சி முடிந்தால் பாதுகாப்புப் பொறுப்பாளர் அதில் கையெழுத்து வைப்பார்.

"ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. பாத்திட்டுப் பிறகு பயப்பிடுங்கோ" என்றாள்.

போகும் வழியில் எல்லாம் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனாள். மகசினில் முப்பது குண்டு கொள்ளும், ஆனால் இருபத்தெட்டுத்தான் போடுவார்களாம். முட்ட நிரப்பினால் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகி, முதல் குண்டு ஏறச் சிரமப்படுமாம். ஒரு மகசின் முடிந்து அடுத்ததைச் செருகி, ஒரே மூச்சில் சுட்டால் குழல் கொதித்துவிடும். கொதித்த குழல் குறியை மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். அதிலிருந்து எழும் சூட்டில் இலக்கே தண்ணீருக்குள் தெரிவதுபோல ஆடும்.

"அப்ப என்ன செய்வியள்?"

"ஒண்டும் செய்யிறேல்லை. மகசினைக் கழட்டி, உள்ளுக்கை குண்டில்லை எண்டு பாத்து, திறந்தபடி விடுறது. காத்துப் பட்டுத் தானா ஆறும். சூட்டோடை உள்ளை குண்டை விட்டு வைச்சா ஒருத்தரும் தொடாமலே வெடிக்கவும் கூடும்."

"ஒருத்தரும் தொடாமலோ?"

"அதுக்குத்தான் திறந்து விடுறதெண்டு சொல்லுறன். நீங்கள் முன்னுக்குச் சொன்னதை விட்டிட்டுப் பின்னுக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

சுடுதளத்தில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் அதற்குப் பின்னால் இருந்த மர வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது இலக்குகளின் பக்கம் போயிருக்கும்போது எவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. செம்மஞ்சள் மேலங்கி போட்ட பயிற்சி நடத்துநர் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

மகள் மூன்று மகசின்கள் சுட்டாள். காதுக் கவசத்தை மீறியும் ஒவ்வொரு வெடியும் நெஞ்சில் வந்து தட்டியது. நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து, நடத்துநருக்குக் காட்டி, குழல், குண்டுகளைத் தடுக்கும் மண்மேட்டைப் பார்க்கும்படி மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

"பாத்தீங்களோ? பூசையிலையும் எங்கடை ஆக்கள் இவ்வளவு ஒழுங்கா நிக்கமாட்டினம்" என்று சிரித்தாள். பிறகு அன்று சுட வந்திருந்த மற்ற நால்வரோடும் நடத்துநரோடும், கடதாசி இலக்குகளின் துளைகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டப் போனாள்.

அப்போதுதான் தூறியது.

அவள் தொப்பி போடவில்லை. அறுபது மீற்றர் தள்ளி, வெறுந்தலையோடு குனிந்து நின்றாள். தூறல் தலையில் பட்டால் சளி, தடிமன் வரும் என்று எங்கள் வீடுகளில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். நான் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன், தடிமன் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை பைக்குள் போய் மழைச்சட்டையை எடுத்துவிட்டது.

அவளிடம் போக முடியாது. மேசை நாலடி தூரத்தில் இருந்தது. குழலில் துளிகள் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தன. சூடான கண்ணாடிக் குடுவையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும் என்பது என் வேலையில் முதல் நாள் படித்தது. நான் கோட்டைத் தாண்டிப் போய், அந்த மெல்லிய பிளாஸ்ரிக் மழைச்சட்டையைத் துப்பாக்கியின் மேல் போர்த்தினேன்.

உடனே மணத்தது. பிளாஸ்ரிக் சுருங்கிக் குழலில் ஒட்டிக்கொண்டது. பயந்துபோய் இழுத்தேன். சட்டை வரவில்லை. துப்பாக்கிதான் திரும்பியது. ஒரு சாண் இருக்கும். மண்மேட்டைப் பார்த்திருந்த குழல் இப்போது இடப்பக்கத்தைப் பார்த்தது. அங்கேதான் என் மகள் நின்றாள்.

"ஸ்தொப்!"

நடத்துநரின் குரல். எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் பழகிய கைகள், தாமாக எழுந்தன.

மகசின் கழற்றியிருந்தது. உள்ளே குண்டில்லை. அது எனக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் இஸ்திரிப்பெட்டியால் துணி அழுத்தும்போது அந்த மணம் மூக்கில் வருகிறது. அழுத்தியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

நடத்துநர் குழலுக்கு நேரே வராமல் ஒதுங்கி நடந்து வந்து, என்னை வாங்கில் இருக்கச் சொன்னார். கோபப்படவில்லை. பயிற்சி நிறுத்தப்படுகிறது, விருந்தாளி செய்வதற்கு அழைத்து வந்தவரே பொறுப்பு, பாதுகாப்புப் பொறுப்பாளர் வரும்வரை இருவரும் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். பொறுப்பாளர் மற்றத் தளத்தில் இருந்தார். நாங்கள் ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். மற்ற நால்வரும் கூரைக்குக் கீழே நின்று கோப்பி குடித்தார்கள். எங்கள் பக்கம் பார்க்காமலிருக்க மிகவும் முயன்றார்கள்.

மகள் வந்து என் பக்கத்தில் இருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏனம்மா?"

"மழை பட்டு வெடிச்சிடுமெண்டு நினைச்சன்."

"துவக்கு மழைக்கை சுடுறதுக்குச் செய்தது. உங்கடை லாபிலை இருக்கிற போத்தில் இல்லை."

"ஓம்."

"இரண்டு வருசம். ஒரு சனிக்கிழமைகூட விடேல்லை. காய்ச்சலோடையும் வந்தனான்."

"தெரியும் பிள்ளை."

"அவை கடிதம் தரமாட்டினம்."

"நான் சொல்லுறன். பிழை என்ரை எண்டு சொல்லுறன்."

"உங்கடை பிழை என்ரை பிழைதான். அதுதான் இஞ்சை சட்டம்." அவள் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. "உண்மையாச் சொல்லுங்கோ. குழல் வெடிக்குமெண்டோ போர்த்தினீங்கள்?"

"உன்ரை தலை நனைஞ்சுது. உன்னட்டை வர ஏலாது. அது கிட்டக் கிடந்தது."

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வைத்திருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பாதுகாப்புப் பொறுப்பாளர் பன்னிரண்டு பதினைந்துக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்த, கட்டையான ஒரு பெண். முதலில் மேசைக்குப் போய்க் குழலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். நடத்துநர் சொன்னதைக் கேட்டார். பிறகு வாங்கின் முன்னால் வந்து நின்று, ஏன் தொட்டீர்கள் என்று என்னிடம் கேட்டார். குடுவையைப் பற்றியும் சொன்னேன், தலை நனைந்ததைப் பற்றியும் சொன்னேன். என் நோர்வேஜிய மொழி அன்றைக்கு இருபது வருடம் பின்னால் போயிருந்தது. அவர் இடைமறிக்கவில்லை.

"கடிதத்தில் இன்று கையெழுத்து வைக்கமாட்டேன்" என்றார் மகளிடம். அவள் தலையாட்டினாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குப் புதியவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு இருக்கிறது. நீங்களும் வந்து முழுவதும் இருக்க வேண்டும். வந்தால் அன்றைக்குக் கையெழுத்து வைக்கிறேன். இப்போது உள்ளே வாருங்கள். குழல் ஆறிவிட்டது, அதில் ஒட்டியிருப்பதை இரண்டு பேருமாகச் சுரண்டி எடுங்கள்."