அப்பா மணி அடிக்காத படம்

எங்கள் தெருவில் யாரும் ஆங்கிலப் படத்துக்கு நேராகப் போய்விட முடியாது. முதலில் என் அப்பா போய்வர வேண்டும்.

தமிழ்ப் படத்துக்கு இந்தச் சட்டம் கிடையாது. அதில் சாமி வரும், மாமியார் வருவார், மருமகள் அழுவாள்; பயப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலப் படம் அப்படியா? சும்மா பேசிக்கொண்டே இருப்பவன் திடீரென்று முத்தம் கொடுத்துவிடுவான். பக்கத்து நாற்காலியில் மாமனார் இருப்பார். மருமகள் கச்சான் பூத்தே பொட்டலத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கடலைகளை விசாரிக்க வேண்டியதுதான்.

அதனால் மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் தெருவின் எட்டு வீடுகளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தன. அப்பா டவுன் போர்டில் மண்டோர். சாலை போடும் ஆட்களை மேய்க்கிற வேலை. துரையிடம் திட்டு வாங்கி வாங்கி இங்கிலீஷ் கற்றவர். விடியற்காலையில் போனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். புதுப்படம் வந்தால் மூன்று மணிக் காட்சிக்குப் போவார். திரும்பும்போது தெருமுனையில் சைக்கிள் மணி அடிப்பார். ஒரு தரம் அடித்தால் எல்லாரும் போகலாம். இரண்டு தரம் என்றால் பெரியவர்கள் மட்டும். மணியே அடிக்காமல் வந்தால் அந்தப் படத்தின் பேச்சையே எடுக்கக் கூடாது.

ஆளுக்கொரு பேச்சு வழக்கம் உண்டில்லையா? அப்பாவுக்கு, "பார்த்தாத்தானே தெரியும்." அம்மாவுக்கு, "அதையும் பார்த்துடுவோம்." மீன்காரர் விலை சொன்னாலும் சரி, மலேரியாவுக்குப் புது மாத்திரை வந்திருக்கிறது என்றாலும் சரி, அம்மா இடுப்பில் கை வைத்து அதைத்தான் சொல்வார்.

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டோடு செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்பம் தொடங்கிவிடும். அந்த வீட்டுப் பெண்தான் என் தோழி. மலாக்கா செட்டிகள் கும்பிடுகிற சாமியெல்லாம் எங்கள் சாமிதான், பேச்சுதான் மலாய். நானும் அவளும் பேசிக்கொண்டது முழுக்க மலாயில், நடுவில் ஓர் 'அக்கா', ஓர் 'அம்மா', ஒரு 'சாமி' தமிழில் விழும். அவளுக்கு மறுமாதம் கல்யாணம். மாப்பிள்ளை சிங்கப்பூர்.

பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் நாங்கள் இருவரும் ஒரு படம் சேர்ந்து பார்த்ததில்லை. ஒரு தரம் எனக்குப் புட்டாளம்மை. ஒரு தரம் அவர்கள் வீட்டில் நாற்பது நாள் விரதம். ஒரு தரம் கொட்டகைக்குள்ளேயே வெள்ளம். "ஒரே ஒரு படம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அப்புறம்தான் நான் கப்பலோ காரோ ஏறுவேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் கல்யாணத்துக்கு உறவினர்கள் வந்து இறங்கிவிட்டால் அவளை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். ஆக, இந்த வாரப் படம்தான் கடைசி.

அந்த வாரம் பார்த்து என்ன படம் வந்தது? விளம்பரப் பலகையில் நாலு பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். எதிரே ஒரு பெண் பெரிய பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பந்தை யாராவது வாங்கிக்கொண்டால் அவள் பாடு திண்டாட்டம்தான்.

புதன்கிழமை அப்பா போனார். நாங்கள் இருவரும் செம்பருத்தி வேலிக்கு இரு பக்கமும் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். சைக்கிள் வந்தது. மணி இல்லை.

"அலாமா!" என்று அவள் வேலியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாப்பா, அவ்ளோ மோசமா?" என்று கேட்டேன்.

"சீச்சீ, படமா அது? காலேஜுப் பையனுங்க நாலு பேரு. படிப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது. பொம்பளைப் புள்ளைங்க ஹாஸ்டல் ஜன்னலுக்கு ஏணி போட்டு ஏறுறானுங்க!"

"அப்புறம்?" என்றார் அம்மா.

"அப்புறம் என்னா, ஏணி சாஞ்சிடுது. கீழ பெரிய வாத்தியாரு, கையில கேக்கு..." என்றவர், உதடு துடிக்க, கால் கழுவப் போய்விட்டார்.

வியாழக்கிழமையும் ஐந்தரை மணிக்குத்தான் வந்தார். "எங்க போனீங்க?" என்று அம்மா கேட்டார்.

"நேத்து நடுவுல கொஞ்சம் புரியல. வேகமா பேசுறானுங்க. தீர்ப்பு சொல்றவன் முழுசா புரிஞ்சிக்கணும்ல?"

வெள்ளிக்கிழமையும் போனார். முந்தின நாள் முன்வரிசைச் சீனரின் தலை மறைத்துவிட்டதாம்.

அன்று சாப்பிடும்போது அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பே தனி. முதலில் சத்தம் இருக்காது. தோள் மட்டும் ஏறி இறங்கும். பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி உஸ்... உஸ்... உஸ். அன்றைக்கு ரசமும் கூட மூக்கு வழியாக வந்தது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஏணி."

சனிக்கிழமை வேலை முடிந்ததும் புக்கிட் பாருவில் ஒரு சாக்கடையைப் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார் அப்பா. அம்மா அவர் தலை மறையும் வரை காத்திருந்து, "அதையும் பார்த்துடுவோம்" என்றார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வேலியோரம் போய்த் தோழியின் அம்மாவை அழைத்தார்.

"அக்கா, மூணு நாள் பார்த்தும் எங்க வீட்டுக்காரருக்கு வெளங்கலையாம். பாவம், ஒத்தை ஆளா கஷ்டப்படுறாரு. நாம போயி ஒரு கை குடுப்போம். புள்ளைங்களையும் கூட்டிக்குவோம், அதுங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்."

அந்த அம்மா கெபாயாச் சட்டையை மாற்றிக்கொண்டு குடையோடு வந்துவிட்டார். யோசிக்கவே இல்லை. அவருக்கும் மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை போலும்.

இப்படித்தான் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம்.

ஏணிக் கட்டம் வந்தது. ஒளிப்பானேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். நாலு பையன்களும் ஒருவன்மேல் ஒருவனாக விழ, வாத்தியார் முகம் முழுக்கக் கேக். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். தோழியின் அம்மாவுக்குக் கொண்டை ஊசியே கழன்றுவிட்டது. அப்போதுதான் முன்வரிசையிலிருந்து கேட்டது: உஸ்... உஸ்... உஸ்.

தோழி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உங்கப்பா!"

அம்மாவைப் பார்த்தேன். கண் திரையில்தான் இருந்தது. ஆனால் கடலை மெல்லும் வேகம் குறைந்திருந்தது. புக்கிட் பாருச் சாக்கடை கொட்டகைக்குள் ஓடுகிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கடற்கரை வந்தது. பந்துக்காரப் பெண் தண்ணீருக்குள் இருக்க, பையன்கள் அவள் உடுப்பையும் துண்டையும் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி ஆட்டினார்கள். கொட்டகையே விசிலடித்தது. நானும் சிரித்தேன். அவள் கெஞ்சினாள், இவர்கள் ஆட்டினார்கள். மறுபடி கெஞ்சினாள், மறுபடி ஆட்டினார்கள். கட்டம் முடிகிறபாடாக இல்லை. படத்தில் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் தோழியின் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. "இவளுக்கு யாருமே துண்டு கொடுக்க மாட்டாங்களா?" என்றாள் மெதுவாக.

பாதிச் சிரிப்பில் இருந்த எனக்கு மீதியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏணியிலிருந்து விழுந்தவன் அவனாக ஏறியவன். இவள் குளிக்க மட்டும்தானே வந்தாள்?

அதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

"டேய்! துண்டைக் குடுங்கடா அந்தப் புள்ளைக்கு! எவ்ளோ நேரம்டா தண்ணியில நிக்கும்?"

கொட்டகை அடங்கியது. முன்வரிசை உஸ்ஸும் குழாயைப் பிடுங்கினாற்போல் நின்றது. ஒரு தலை மிக மெதுவாகத் திரும்பியது.

பின்னாலிருந்து ஒரு மலாய்க் குரல், "பெதுல், மாக்சிக்!" என்றது. சரியாச் சொன்னீங்க அத்தை என்று ஆதரவு. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பையன் துண்டை அவளிடம் வீசினான். அம்மா சொல்லித்தான் கொடுத்தான் என்று கொட்டகை முழுவதும் கைதட்டியது. அம்மாவும் அதை மறுக்கவில்லை. "ம், அது" என்று உட்கார்ந்தார்.

வெளியே அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

"நீயும் வந்தியா?" என்றார்.

"ஆமாங்க. உங்களுக்கு வெளங்காதது ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, நான் சொல்லித் தர்றேன்."

வழி நெடுக அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்கள் பின்னால் வந்தார். தெருமுனையில் எட்டு வீட்டு வாசலிலும் ஆட்கள். அம்மா நின்றார். கையை நீட்டி அப்பாவின் சைக்கிள் மணியை அடித்தார். ஒன்று. இரண்டு.

"ரெண்டா? பெரியவங்க மட்டுமா?" என்று எதிர்வீட்டு மாமா ஆசையோடு கேட்டார்.

"பெரியவங்க மட்டும். அதுலயும் பொம்பளைங்க மட்டும். ஆம்பளைங்க வேணாம் அண்ணே, தாங்க மாட்டீங்க."

கல்யாணத்துக்கு அம்மா தோழிக்குக் கொடுத்த பரிசு, இரண்டு பேர் போர்த்திக்கொள்ளும் அளவுக்கு அகலமான, தடித்த ஒரு துண்டு. அவள் பொட்டலத்தைப் பிரித்தாள், என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நகையும் பூவுமாக இருந்த மணப்பெண்ணும் நானும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். சிங்கப்பூர் உறவினர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நல்ல கனம்," என்றாள் அவள், துண்டைக் கையில் தூக்கிப் பார்த்து. "இதைத் தூக்கிக்கிட்டு எவனும் பாறை ஏற முடியாது."

பந்தலின் ஆண்கள் பக்கத்திலிருந்து உஸ்... உஸ் என்று கேட்டது. அம்மா திரும்பிப் பார்த்ததும் நின்றது.